பேருந்து ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஒட்டாவாவுக்கு

கனடாவில் 2025 ஏப்ரல் 28 அன்று நடைபெற்ற பொதுத் தேர்தலில் மார்க் கார்னி தலைமையிலான லிபரல் கட்சி ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டது. உலக ஊடகங்களின் கவனம் அந்த வெற்றியின் மீதும், எதிர்க்கட்சித் தலைவர் பியர் பொலியேவ் தமது சொந்தத் தொகுதியிலேயே தோற்றதன் மீதும் குவிந்திருந்தது. அதே இரவில் அல்பர்ட்டா மாகாணத்தின் தலைநகரான எட்மண்டனில் நிகழ்ந்த இன்னொரு தோல்வி வெளியே அதிகம் பேசப்படவில்லை. நகரின் மேயர் அமர்ஜீத் சோஹி, எட்மண்டன் தென்கிழக்குத் தொகுதியில் லிபரல் வேட்பாளராகப் போட்டியிட்டு, கன்சர்வேட்டிவ் வேட்பாளரிடம் தோற்றார். பிரசாரக் காலத்தில் ஊதியமில்லா விடுப்பில் இருந்த அவர், தேர்தல் முடிந்ததும் மீண்டும் மேயர் அலுவலகத்துக்குத் திரும்பினார்.

தேர்தலில் வெற்றியும் தோல்வியும் இயல்பானவை. ஆனால் சோஹியின் கணக்கு சற்றே விசித்திரமானது. நகர மன்றத் தேர்தலில் 2007 முதல் அவர் நின்ற ஒவ்வொரு முறையும் வென்றிருக்கிறார். மூன்று முறை மாமன்ற உறுப்பினராக, ஒரு முறை மேயராக. நாடாளுமன்றத் தேர்தலில் மூன்று முறை நின்றார். ஒரு முறை மயிரிழையில் வென்றார், இரு முறை தோற்றார். நகரம் அதேதான், மனிதரும் அவர்தான். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? இதற்கு விடை தேடினால், கனடாவில் உள்ளாட்சிக்கும் மத்திய ஆட்சிக்கும் இடையிலான பாதை எப்படிப்பட்டது என்பது விளங்கும். சாலையையும் சாக்கடையையும் பேருந்தையும் அறிந்தவர்களின் குரல் நாட்டின் கருவூலத்தை எந்த அளவுக்கு எட்டுகிறது என்பதும் புரியும்.

சங்ரூரிலிருந்து எட்மண்டனுக்கு

பஞ்சாபின் அன்றைய சங்ரூர் மாவட்டத்தில் இருந்த பன்பௌரா கிராமத்தில் 1964இல் பிறந்தவர் சோஹி. 1981இல், பதினேழு வயதில், அண்ணனின் ஆதரவில் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். அப்போது அவருக்கு ஆங்கிலம் சரளமாக வராது. எட்மண்டனில் வாழ்ந்த பஞ்சாபி எழுத்தாளர்கள், நாடகக் கலைஞர்களின் வட்டத்தில் சேர்ந்து நாடகங்களில் நடித்தார். நாடகக் கலையை முறையாகப் பயில்வதற்காக 1988இல் இந்தியா வந்தார். பஞ்சாபின் புகழ்பெற்ற வீதி நாடகக் கலைஞர் குர்சரண் சிங்கிடம் பயில்வது அவரது நோக்கம்.

அந்தப் பயணம் சிறையில் முடிந்தது. நிலச் சீர்திருத்தத்துக்காகப் போராடியவர்களைச் சந்திக்க பிகார் சென்ற அவர், அங்கே காவல் துறையால் கைது செய்யப்பட்டார். காலிஸ்தான் தீவிரவாதி என்றும், நக்சலைட்டுகளுக்குப் பயிற்சியளிக்க வந்தவர் என்றும் குற்றம்சாட்டப்பட்டு, 'தடா' சட்டத்தின்கீழ் அடைக்கப்பட்டார். விசாரணையே இல்லாமல் 21 மாதங்கள் சிறையில் கழிந்தன; அவற்றில் 18 மாதங்கள் தனிமைச் சிறை. மாநிலத்தில் ஆட்சி மாறிய பின், ஆதாரம் எதுவும் இல்லை என்று வழக்கு கைவிடப்பட்டது. 1990இல் விடுதலையான அவர் எட்மண்டன் திரும்பினார்.

திரும்பியவர் வாழ்க்கைக்காக ஏற்ற தொழில்களில் ஒன்று, நகரப் போக்குவரத்துத் துறையின் பேருந்தை ஓட்டுவது. நாடாளுமன்ற உறுப்பினராகிறவர்களில் பெரும்பாலோர் வழக்கறிஞர்கள், தொழில் முனைவோர், கட்சி அலுவலகங்களில் வளர்ந்தவர்கள் என்னும் நாட்டில் இது அரிய பின்னணி. குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரிக்குச் செல்லும் நகரம் எட்மண்டன். அங்கே பேருந்து பத்து நிமிடம் தாமதமானால் நிறுத்தத்தில் நிற்பவருக்கு என்ன ஆகும் என்பதைக் கோப்புகளில் படித்து அறிய வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

கட்சி இல்லாத மன்றம்

2004இல் மாமன்றத் தேர்தலில் முதன்முறையாக நின்று தோற்ற சோஹி, 2007இல் வென்றார். 2010, 2013 தேர்தல்களிலும் தொடர்ந்து வென்றார். அவர் சார்ந்த பகுதி நகரின் தென்கிழக்கில் உள்ள மில் வுட்ஸ். 1970களில் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட அந்தக் குடியிருப்பில், இன்று பஞ்சாபி உள்ளிட்ட தெற்காசிய மக்கள் பெருமளவில் வாழ்கின்றனர்.

கனடாவின் பெரும்பாலான நகரங்களில் மாமன்றத் தேர்தல் கட்சி அடிப்படையில் நடப்பதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயர் மட்டுமே இருக்கும். வான்கூவர், மான்ட்ரியால் போன்ற சில நகரங்களில் உள்ளூர்க் கட்சிகள் உண்டு. அவையும் தேசியக் கட்சிகளின் கிளைகள் அல்ல. ஆகவே மாமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் தனி மனிதர். கொறடா உத்தரவு கிடையாது. ஒரு திட்டத்தை நிறைவேற்ற வேண்டுமென்றால், சக உறுப்பினர்களிடம் ஒவ்வொருவராகப் பேசி, பெரும்பான்மை சேர்க்க வேண்டும். இன்று ஒரு விஷயத்தில் எதிர்த்தவர், நாளை வேறொன்றில் துணை நிற்பார். வாக்காளரும் அப்படித்தான் பார்க்கிறார். தேசிய அரசியலில் கன்சர்வேட்டிவ் கட்சியை ஆதரிக்கும் ஒருவர், தமது தெருப் பனியை ஒழுங்காக அகற்றச் செய்தவர் என்பதற்காக இடதுசாரிச் சாய்வுள்ள உறுப்பினருக்கு வாக்களிக்கத் தயங்குவதில்லை.

மில் வுட்ஸ் பகுதியை நகர மையத்துடன் இணைக்கும் இலகு ரயில் பாதைக்காகச் சோஹி மாமன்றத்தில் தொடர்ந்து வாதாடினார். 'வேலி லைன்' என்று இன்று அழைக்கப்படும் அந்தப் பாதையின் வழித்தடத்துக்கு 2009இல் மாமன்றம் ஒப்புதல் அளித்தது. எட்மண்டனில் இலகு ரயில் 1978இல், காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்த ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் தென்கிழக்கில் உழைக்கும் மக்கள் அதிகம் வாழும் பகுதிக்கு அது எட்ட ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. இந்தத் தாமதத்துக்கு உள்ளூர் அக்கறையின்மை மட்டுமே காரணமன்று. கனடாவின் அரசமைப்பிலும் அதற்குக் காரணம் இருக்கிறது.

நகரங்களுக்கு இல்லாத அதிகாரம்

கனடாவின் 1867ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம், மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் அதிகாரங்களைப் பிரித்துக்கொடுத்தது. அதன் 92ஆவது பிரிவு, உள்ளாட்சி அமைப்புகளை முழுமையாக மாகாணங்களின் கையில் ஒப்படைக்கிறது. நகரங்களுக்கு அரசமைப்பில் தனி இருப்பு கிடையாது. மாகாணச் சட்டமன்றம் நினைத்தால் ஒரு மாநகராட்சியை இணைக்கலாம், பிரிக்கலாம், உருமாற்றலாம். 2018இல் டொராண்டோவில் மாமன்றத் தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருந்த வேளையிலேயே, ஒன்டாரியோ மாகாண அரசு வார்டுகளின் எண்ணிக்கையை 47இலிருந்து 25ஆகக் குறைத்தது. அந்தச் சட்டம் செல்லும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. நாட்டின் மிகப் பெரிய நகரத்தின் நிலையே இதுதான்.

பணத்திலும் இதே கதை. வருமான வரியும் விற்பனை வரியும் மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் செல்கின்றன. நகரங்களுக்கு முதன்மையாக எஞ்சுவது சொத்து வரியும் கட்டணங்களும்தான். அல்பர்ட்டாவில் நகராட்சிகள் அன்றாடச் செலவுக்குப் பற்றாக்குறை பட்ஜெட் போடச் சட்டம் அனுமதிப்பதில்லை. நாட்டில் வசூலாகும் மொத்த வரியில் ஒரு டாலருக்குப் பத்து காசு அளவே உள்ளாட்சிகளுக்குக் கிடைக்கிறது. ஆனால் பொது உள்கட்டமைப்பில் பாதிக்கும் மேற்பட்டதைப் பராமரிக்கும் பொறுப்பு அவற்றின் தலையில் இருக்கிறது என்று கனடிய நகராட்சிகள் கூட்டமைப்பு பல ஆண்டுகளாக முறையிட்டுவருகிறது. குடிநீர்க் குழாய், பாலம், பேருந்து, நூலகம் ஆகிய எல்லாம் நகரத்தின் பொறுப்பு. அவற்றைப் பெரிய அளவில் கட்டுவதற்கான நிதி, மாகாணத் தலைநகரிலும் ஒட்டாவாவிலும் இருக்கிறது.

எனவே, ஆண்டுக்கணக்கில் நிதிக்காகக் கையேந்திய மாமன்ற உறுப்பினர் ஒருவருக்கு, கொடுக்கும் இடத்துக்கே போனால் என்ன என்று தோன்றுவது இயற்கை. உள்ளாட்சியிலிருந்து நாடாளுமன்றத்துக்குச் செல்ல விரும்புவோரில் பலரை உந்துவது பதவி ஆசை மட்டுமல்ல, இந்த ஏற்றத்தாழ்வும்தான்.

தொண்ணூற்றிரண்டு வாக்குகள்

2015 அக்டோபரில் நடந்த பொதுத் தேர்தலில் எட்மண்டன் மில் வுட்ஸ் தொகுதியில் சோஹி லிபரல் வேட்பாளராக நின்றார். எதிரே நின்றவர் டிம் உப்பல். ஸ்டீபன் ஹார்ப்பர் அரசில் இணையமைச்சராக இருந்தவர், அவரும் சீக்கியர். அல்பர்ட்டா என்பது எண்ணெய் வளம் மிக்க மாகாணம்; கன்சர்வேட்டிவ் கட்சியின் கோட்டை. பியர் ட்ரூடோ 1980இல் கொண்டுவந்த தேசிய எரிசக்தித் திட்டம் தங்கள் வளத்தைப் பறித்தது என்ற கோபம் அங்கே தலைமுறைகளைத் தாண்டி நிற்கிறது. அந்த மண்ணில், அவருடைய மகன் ஜஸ்டின் ட்ரூடோவின் கட்சிக்கு வாக்குக் கேட்பது எளிதல்ல. மறு எண்ணிக்கைக்குப் பிறகு 92 வாக்குகள் வித்தியாசத்தில் சோஹி வென்றதாக அறிவிக்கப்பட்டது. அந்தத் தேர்தலில் அல்பர்ட்டாவின் 34 தொகுதிகளில் லிபரல்கள் வென்றவை நான்கு மட்டுமே.

எட்டு ஆண்டுகள் தெருத்தெருவாகப் பழகிய மாமன்ற உறுப்பினர் என்ற பெயர் இல்லாமல் இருந்திருந்தால், அந்தத் தொண்ணூற்றிரண்டு வாக்குகள் கிடைத்திருக்காது என்றே கருத வேண்டும். உள்ளாட்சி அனுபவம் தேசியத் தேர்தலில் அலையைத் திருப்பாது. ஆனால் நூலிழையில் இருக்கும் தொகுதியைக் கரைசேர்க்கும்.

2015 நவம்பர் 4 அன்று பதவியேற்ற அமைச்சரவையில் சோஹிக்கு உள்கட்டமைப்பு மற்றும் சமூகங்கள் துறை ஒதுக்கப்பட்டது. நகரங்களுக்கு நிதி வழங்கும் துறை அது. கையேந்தி நின்றவரிடமே பெட்டியின் சாவி வந்து சேர்ந்தது.

சாவி கையில் இருந்தபோது

2016 பட்ஜெட்டில் பொதுப் போக்குவரத்துக்கென மூன்று ஆண்டுகளுக்கு 340 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அதன் விதிகளில் மூன்று அம்சங்கள் கவனத்துக்குரியவை. முதலாவது, பங்கு. அதுவரை பெரிய திட்டங்களில் மத்திய அரசு, மாகாணம், நகரம் மூன்றும் மூன்றில் ஒரு பங்கை ஏற்பதே பெரும்பாலும் வழக்கம். புதிய திட்டத்தில் மத்திய அரசு பாதி வரை ஏற்க முன்வந்தது. இரண்டாவது, பழுதுபார்ப்பு. புதிதாகக் கட்டி நாடா வெட்டும் திட்டங்களுக்கே நிதி என்றில்லாமல், ஏற்கெனவே உள்ளவற்றைச் சீரமைப்பதற்கும், வருங்காலத் திட்டங்களை வடிவமைப்பதற்கும் பணம் தரப்பட்டது. மூன்றாவது, பகிர்வு முறை. மக்கள்தொகையை வைத்துப் பிரிக்காமல், பேருந்திலும் ரயிலிலும் எத்தனை பேர் பயணம் செய்கிறார்கள் என்ற கணக்கை வைத்து நிதி பகிரப்பட்டது.

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இவை அலுப்பூட்டும் நிர்வாக விவரங்கள். நகர மன்றத்தில் அமர்ந்தவருக்கோ இவைதான் உயிர்நாடி. புதிய பாலத்துக்கு ஒட்டாவா பணம் தரும். பழைய பாலத்தின் விரிசலை அடைக்கப் பணம் தராது என்ற நிலையில், நகரங்கள் பழையதைக் கைவிட்டுப் புதியதைக் கட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது. அந்த அபத்தத்தை அனுபவித்தவர்களின் குரல் இந்த விதிகளில் கேட்கிறது. இவை அனைத்தும் ஒரு தனி மனிதரின் சாதனை என்று சொல்வதற்கில்லை. நகராட்சிகள் கூட்டமைப்பும் பல மேயர்களும் ஆண்டுக்கணக்கில் வலியுறுத்தியவை இவை. ஆனால் அந்தக் கோரிக்கையின் பொருளை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை இல்லாத ஓர் அமைச்சர் அப்போது இருந்தார்.

அதே ஆண்டின் இறுதியில், பன்னிரண்டு ஆண்டுகளில் 18,000 கோடி டாலருக்கு மேல் செலவிடும் பெருந்திட்டமாக இது விரிவாக்கப்பட்டது. இங்கேதான் சிக்கலும் தொடங்கியது. ஒட்டாவா நேரடியாக நகரத்துக்குப் பணம் அனுப்ப முடியாது. ஒவ்வொரு மாகாணத்துடனும் தனித்தனியே ஒப்பந்தம் செய்ய வேண்டும். மாகாணங்கள் தங்கள் முன்னுரிமைகளை முன்வைத்தன. பணம் திட்டமிட்ட வேகத்தில் செலவாகவில்லை என்றும், முழுத் திட்டத்தின் விவரம் தெளிவாக இல்லை என்றும் நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலர் 2018இல் சுட்டிக்காட்டினார். தனியார் முதலீட்டை ஈர்ப்பதற்காக 2017இல் உருவாக்கப்பட்ட 3,500 கோடி டாலர் கனடா உள்கட்டமைப்பு வங்கியும் நெடுங்காலம் மெதுவாகவே இயங்கியது. நகரத்தின் தேவையை அறிந்த அமைச்சர் ஒருவர் இருப்பதால் மட்டும் அரசமைப்பின் சுவர்கள் இடிந்துவிடுவதில்லை.

குழாயில் சிக்கிய அரசியல்

2018 ஜூலையில் சோஹி இயற்கை வளத் துறைக்கு மாற்றப்பட்டார். அல்பர்ட்டாவின் எண்ணெயை எட்மண்டன் பகுதியிலிருந்து பசிபிக் கரையில் உள்ள பர்னபிக்குக் கொண்டுசெல்லும் 'டிரான்ஸ் மவுன்டன்' குழாயின் விரிவாக்கம் அப்போது பெரும் சர்ச்சையாக இருந்தது. அதைச் செயல்படுத்தத் தனியார் நிறுவனம் தயங்கியதால், மத்திய அரசே 450 கோடி டாலருக்கு அந்தக் குழாயை வாங்க முடிவெடுத்திருந்தது. சோஹி பொறுப்பேற்ற ஆறு வாரங்களில், ஆகஸ்ட் 30 அன்று, கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் விரிவாக்கத்துக்கான அனுமதியை ரத்துசெய்தது. பூர்வகுடி மக்களிடம் முறையாகக் கலந்தாலோசிக்கவில்லை, கடலில் எண்ணெய்க் கப்பல் போக்குவரத்தின் பாதிப்பை ஆராயவில்லை என்பவை காரணங்கள்.

தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யாமல், கலந்தாலோசனையை மீண்டும் நடத்தும் வழியை அரசு தேர்ந்தெடுத்தது. அந்தப் பணி சோஹியின் துறையில் நடந்தது. 2019 ஜூன் 18 அன்று திட்டத்துக்கு மறுபடியும் அனுமதி வழங்கப்பட்டது. 2024 மே மாதம் விரிவாக்கம் நிறைவேறி எண்ணெய் ஓடத் தொடங்கியது. அல்பர்ட்டா கேட்டது கிடைத்தது என்றே வரலாறு பதிவுசெய்யும். ஆனால் 2019 அக்டோபரில் வாக்களித்தவர்கள் முன் இருந்தவை தாமதமும், வேலையிழப்பும், மத்திய அரசின் சுற்றுச்சூழல் மதிப்பீட்டுச் சட்டத்தின் மீதான கோபமும்தான். மாகாணத்தின் 34 தொகுதிகளில் 33ஐக் கன்சர்வேட்டிவ் கட்சி வென்றது. லிபரல்களுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மில் வுட்ஸில் டிம் உப்பல் பெரும் வித்தியாசத்தில் மீண்டும் வென்றார்.

மில் வுட்ஸ் மக்கள் தங்கள் பழைய மாமன்ற உறுப்பினரை வெறுத்துவிட்டார்களா? அப்படிச் சொல்ல முடியாது. நாடாளுமன்றத்துக்குச் செல்பவர் தமது பெயருடன் கட்சியின் பெயரையும் சுமக்கிறார். தலைவரின் முகத்தையும் சுமக்கிறார். தாம் எடுக்காத முடிவுகளுக்கும் பதில் சொல்கிறார். அமைச்சரவையின் கூட்டுப் பொறுப்பு என்ற மரபுப்படி, உள்ளே எவ்வளவு வாதாடியிருந்தாலும், வெளியே ஒரே குரலில் பேச வேண்டும். மாமன்றத்தில் அவரை வளர்த்தது தனித்த குரல்தான். அமைச்சர் பதவியை ஏற்றபோது அதை அடகு வைக்க நேர்ந்தது.

மீண்டும் நகரம்

தோல்விக்குப் பின் இரண்டு ஆண்டுகளில், 2021 அக்டோபர் 18 அன்று, ஏறத்தாழ 45 விழுக்காடு வாக்குகள் பெற்று எட்மண்டன் மேயரானார் சோஹி. வெள்ளையரல்லாத ஒருவர் அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது அதுவே முதல் முறை. அதே நாளில் கால்கரி நகரின் மேயராகத் தேர்வான ஜோதி கோண்டெக்கும் பஞ்சாபி வழிவந்தவரே. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு லிபரலைக்கூட அனுப்பாத மாகாணத்தில், முன்னாள் லிபரல் அமைச்சர் ஒருவர் தலைநகரின் மேயராக முடிந்தது. வாக்குச்சீட்டில் கட்சியின் பெயர் இல்லாதபோது மக்கள் வேறு கணக்குப் போடுகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2023 நவம்பர் 4 அன்று 13 கிலோமீட்டர் நீளமுள்ள வேலி லைன் தென்கிழக்குப் பாதை திறக்கப்பட்டது. ஆற்றுப்படுகையில் கிடந்த எதிர்பாராத கான்கிரீட் திரள், பெருந்தொற்று, தூண்களில் தோன்றிய விரிசல் எனப் பல தடைகளால், 2020இல் முடிந்திருக்க வேண்டிய பணி மூன்று ஆண்டுகள் தாமதமானது. மாமன்ற உறுப்பினராக வாதாடி, உள்கட்டமைப்பு அமைச்சராக இருந்தபோது கட்டுமானம் தொடங்கி, மேயராகத் திறந்துவைக்கும் வாய்ப்பு ஒருவருக்கே அமைவது அரிது. ஒரு ரயில் பாதையின் வாழ்நாளோடு ஒப்பிட்டால் பதவிக்காலங்கள் எவ்வளவு குறுகியவை என்பதையும் இது உணர்த்துகிறது.

மேயராக அவருடைய காலம் மலர்ப்பாதையாக இருக்கவில்லை. 2024இல் சொத்து வரி 8.9 விழுக்காடு உயர்ந்தது, மக்கள் முணுமுணுத்தார்கள். வீடற்றோரின் கூடாரங்களை அகற்றுவது தொடர்பான மோதல்களுக்கு நடுவே, அந்த ஆண்டு ஜனவரியில் வீட்டுவசதி நெருக்கடி நிலையை மாமன்றம் அறிவித்தது. நகரில் உள்ள தனது கட்டடங்களுக்குச் சொத்து வரிக்கு ஈடாக மாகாண அரசு தந்துவந்த தொகை, 2019க்குப் பின் பாதியாகக் குறைக்கப்பட்டிருந்தது. மத்திய அரசுடன் நகராட்சிகள் எந்த ஒப்பந்தம் செய்தாலும் தனது ஒப்புதல் வேண்டும் என்று மாகாணம் 2024இல் சட்டம் இயற்றியது. எட்மண்டன், கால்கரி மாநகராட்சித் தேர்தல்களில் கட்சிகளை அனுமதிக்கும் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. சோஹி அதை வெளிப்படையாக எதிர்த்தார்.

இந்தச் சூழலில்தான் அவர் 2025இல் மீண்டும் ஒட்டாவாவை நோக்கித் திரும்பினார். மேயர் பதவிக்கு மறுபடி நிற்கப்போவதில்லை என்றும் அறிவித்தார். முடிவு முன்னரே பார்த்ததுதான். அல்பர்ட்டாவில் லிபரல்களுக்குக் கிடைத்தவை இரண்டே தொகுதிகள். அவருடையது அவற்றில் ஒன்றல்ல. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில், கட்சிகள் களமிறங்கிய முதல் மாநகராட்சித் தேர்தலில், எந்தக் கட்சியையும் சாராத மாமன்ற உறுப்பினர் ஆண்ட்ரூ நாக்கை எட்மண்டன் மக்கள் மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

இதே பாதையில் வேறு சிலர்

சோஹியின் கதை தனித்ததன்று. டொராண்டோ மாமன்றத்தில் 1982இல் நுழைந்த ஜாக் லேட்டன், மேயர் தேர்தலிலும் இரு நாடாளுமன்றத் தேர்தல்களிலும் தோற்று, நகராட்சிகள் கூட்டமைப்பின் தலைவராக இருந்து, 2003இல் புதிய ஜனநாயகக் கட்சியின் தலைவரானார். 2005இல் பால் மார்ட்டினின் சிறுபான்மை அரசு ஆதரவு தேடியபோது, பட்ஜெட்டில் 460 கோடி டாலரைப் பொதுப் போக்குவரத்து, மலிவு வீடுகள் போன்றவற்றுக்குத் திருப்பிவிட வைத்தார். நகர மன்றத்தில் கற்ற பேரக் கலை அது. 2011இல் அவர் கட்சியை முதன்முறையாக அதிகாரபூர்வ எதிர்க்கட்சியாக்கினார். சில மாதங்களில் புற்றுநோயால் காலமானார். அவருடைய மனைவி ஒலிவியா சௌ, பள்ளி வாரிய உறுப்பினராகத் தொடங்கி, மாமன்றம் வழியாக 2006இல் நாடாளுமன்றம் சென்று, 2023இல் டொராண்டோ மேயராகத் திரும்பிவந்தார்.

வான்கூவர் மேயராகப் பத்து ஆண்டுகள் இருந்த கிரெகர் ராபர்ட்சன், அப்போது டிரான்ஸ் மவுன்டன் குழாய் விரிவாக்கத்தைக் கடுமையாக எதிர்த்தவர். 2025இல் அவர் லிபரல் உறுப்பினராகி வீட்டுவசதி, உள்கட்டமைப்பு அமைச்சரானார். அந்தக் குழாயின் உரிமையாளரோ அவர் அங்கம் வகிக்கும் அரசு.

கனடியத் தமிழருக்கும் இந்தப் பாதையில் பங்குண்டு. யார்க் வட்டாரப் பள்ளி வாரியத்தில் நீண்டகாலம் பணியாற்றிய ஜுவனிதா நாதன், 2022இல் மார்க்கம் மாநகர மாமன்ற உறுப்பினராகி, 2025இல் பிக்கரிங்-புரூக்ளின் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். 2006 முதல் மார்க்கம் மாமன்றத்தில் இருந்த லோகன் கணபதி, 2018இல் மாகாணச் சட்டமன்றத்துக்குச் சென்றார். அந்தத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் ஜுவனிதா நாதன்தான். மாமன்றத்தில் கட்சிச் சின்னமின்றி மக்களிடம் வாக்குக் கேட்பவர்கள், மேல்மன்றங்களுக்குப் போகும்போது கட்சி வாரியாகப் பிரிந்து நிற்க வேண்டியிருக்கிறது.

எஞ்சும் கேள்வி

நகரங்களுக்கு அரசமைப்பில் இடமும் போதிய வருவாயும் இருந்திருந்தால், நல்ல மாமன்ற உறுப்பினர்கள் ஒட்டாவாவை நோக்கிச் செல்ல வேண்டிய கட்டாயம் குறைந்திருக்கும். இப்போதுள்ள ஏற்பாட்டில் அவர்கள் போகாவிட்டால், பேருந்து நிறுத்தத்தில் நிற்பவரின் தேவையை அறியாதவர்கள் நிதி விதிகளை எழுதுவார்கள். போனாலோ, தங்களுக்கு மதிப்பைத் தேடித்தந்த தனித்தன்மையை இழக்கிறார்கள். கட்சியின் அலை உயர்ந்தால் மிதக்கிறார்கள், வடிந்தால் கரையில் கிடக்கிறார்கள்.

சோஹி ஒட்டாவாவில் இருந்த நான்கு ஆண்டுகள் வீண் என்று சொல்ல மாட்டோம். பயணிகளின் எண்ணிக்கையை வைத்து நிதி பகிரும் விதி, பழையதைப் பழுதுபார்க்கவும் பணம் தரும் விதி ஆகியவை அவர் தோற்ற பின்னும் நகரங்களுக்குப் பயன் தந்தன. ஆனால் அந்தப் பயனுக்காக மில் வுட்ஸ் வாக்காளர் எவரும் 2019இல் அவருக்கு வாக்களிக்கவில்லை. அவர்கள் குழாயையும் பிரதமரையும் பற்றிய தங்கள் கருத்தைப் பதிவுசெய்தார்கள். அதில் தவறு காண முடியாது. பொதுத் தேர்தல் இருப்பது அதற்காகத்தான்.

அப்படியானால், உள்ளாட்சி அறிவு மத்திய ஆட்சிக்குள் சென்றுசேர, அங்குமிங்கும் எழும் தனி மனிதர்களை மட்டும் நம்பியிருப்பது போதாது. நகரங்களுக்கு நிலையான வருவாய்ப் பங்கும், மாகாணங்களின் ஒரே கையெழுத்தால் அழிக்க முடியாத சட்டப் பாதுகாப்பும் தேவை. கனடிய மேயர்கள் கால் நூற்றாண்டுக்கும் மேலாக இதைக் கேட்டுவருகிறார்கள். கேட்டவர்களில் சிலர் ஒட்டாவாவில் அமைச்சர்களாகவும் அமர்ந்துவிட்டார்கள். கோரிக்கையின் பெரும் பகுதி இன்னும் மேசையிலேயே இருக்கிறது.